பாடத் தெரியாத பாடகி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மேடையில் இசையைப் பற்றி ஏதேனும் பேசுமாறு நம் செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். நானோ மெட்ரிகுலேஷன் தேறியதும் பிழைப்பை நாடி வடக்கே வந்து, இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக் காலந்தள்ளுபவன். இது என்ன ராகம் என்று எவரேனும் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பவன். பாடத் தெரிந்தவர்களைப் பற்றிப் பேச எனக்கு ஏது அருகதை? ஆகவே, பாடத் தெரியாத ஒருவரைப் பற்றிப் பேசுவதென்று துணிந்தேன்.

பாடத் தெரியாதவர்கள் எங்கும் உண்டு. நம் காலனியிலும் நிறைய உண்டு. ஆனால் பாடத் தெரியாமலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையேறிப் பாடி, பட்டுடுத்தி மாலை மரியாதைகளோடு விளங்கி, எழுபத்தாறாம் வயதில் உலகின் தலைசிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றை மக்கள் வெள்ளத்தால் நிரப்பிக் காட்டியவர் ஒரு பெண்மணி. அமெரிக்க நாட்டவர். பிளாரன்ஸ் பாஸ்டர் ஜென்கின்ஸ் என்பது அவர் பெயர்.

சுருதி மாதா, லயம் பிதா என்று நம்மவர் கூறுவர். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த அம்மையார் தாயுமற்றவர், தந்தையுமற்றவர். ஸ்வரம் ஒரு பக்கம் போகும். குரல் ஒரு பக்கம் போகும். தாளம் ஓரிடத்தில் நின்று கொண்டிருக்கும். அம்மையார் அடுத்த ஸ்டேஷனுக்கே போய்விட்டிருப்பார். பாடும் மொழிகளோ இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம். அவற்றின் உச்சரிப்பைக் கேட்டு அம்மொழியாளர் பட்ட துன்பம் தனி.

சரி, அவர் யார், எங்கே பிறந்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பென்ஸில்வேனியா மாநிலத்தில் வில்க்ஸ்-பாரி என்னும் ஊரில் 1868-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற வழக்கறிஞர், நிலபுலன் மிக்கவர். சிறுமியாக இருக்கையில் பிளாரன்ஸ் பியானோ வாசிப்பதில் தேர்ந்து விளங்கினார். வெள்ளை மாளிகையில்கூட வாசித்ததாகச் சொல்வதுண்டு. ஆகவே இசையென்றால் என்னவென்றே அறியாதவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பாவுக்குச் சென்று இசை பயில விரும்பினார். தந்தை பணம் தர மறுத்துவிட்டார். மகள் பிராங்க் ஜென்கின்ஸ் என்னும் மருத்துவரோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டுப்போய் மணம் செய்துகொண்டார்.

அந்த மணவாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. கணவரிடமிருந்து அவருக்குக் கொடிய நோய் ஒன்று தொற்றியது. அக்காலத்தில் அதற்குப் பாதரசமும் பாஷாணமுமே மருந்து. நோயும் மருந்தும் சேர்ந்து செவிப்புலனைக் கெடுத்திருக்கலாம், ஆகையினாலேதான் தம் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை என்று பிற்காலத்தில் சிலர் கருதினர். இது ஊகமே. கணவரைப் பிரிந்தார், ஜென்கின்ஸ் என்னும் பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். பியானோ சொல்லிக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர் கையில் ஏற்பட்ட ஊனத்தால் பியானோவில் பெயர் பெறும் கனவும் போயிற்று.

இத்தனை அடிகளும் பட்ட ஒரு பெண், நம் ஊராக இருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டியிருப்பார். இவர் தாயாரோடு நியூயார்க் நகரம் போய்ச் சேர்ந்தார். 1909-இல் தந்தை காலமானார். அவருடைய சொத்திலிருந்து வருமானம் கிடைத்தது. உடனே வாய்ப்பாட்டுக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். 1912-ஆம் ஆண்டில் முதல் கச்சேரி. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கை ஒட்டியிருக்கும். ஏறக்குறைய என் வயது. இந்த வயதில் ஒரு புதிய ஃபைலைத் திறப்பதற்கே எனக்குச் சோம்பலாக இருக்கிறது.

இனிமேல் சொல்லப் போவதுதான் நமக்கு நெருக்கமான பகுதி. அந்த அம்மையாரும் நம்மைப் போல் ஒரு சங்கம் வைத்து நடத்தியவர். 1917-இல் இத்தாலிய இசைமேதை வெர்டியின் பெயரால் நியூயார்க்கில் 'வெர்டி கிளப்' என்னும் சங்கத்தை நிறுவினார். நானூறுக்கும் அதிகமான உறுப்பினர் சேர்ந்தனர். மாபெரும் பாடகர் கரூஸோ அதன் கௌரவ உறுப்பினராக இருந்தார் என்றால் மதிப்பை நீங்களே உணரலாம். ஆண்டுதோறும் 'வெள்ளி வானம்பாடிகள்' என்னும் பெயரில் ஒரு பெருவிருந்து நடக்கும். இளங்கலைஞர்களுக்கு அங்கே மேடை கிடைத்தது, கூலியும் கிடைத்தது.

அவ்விழாக்களில் 'உயிர்ச் சித்திரம்' என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. பலர் வேடம் புனைந்து, ஓவியத்தில் உள்ளவர்களைப் போல அசையாமல் நிற்பார்கள், திரை விலகும். நம் விழாவில் குழந்தைகளுக்குப் பாரத மாதா வேடமும் ஆண்டாள் வேடமும் போட்டு நிறுத்துகிறோமே, ஏறக்குறைய அதுதான். ஒரு சிறு வேறுபாடு: கடைசிச் சித்திரத்தில் முதன்மை வேடம் எப்பொழுதும் தலைவி அம்மையாருக்கே. ஒருமுறை முதுகில் இரண்டு பெரிய சிறகுகளைக் கட்டிக்கொண்டு, கலைஞனுக்கு அருள் சுரக்கும் தேவதையாக நின்றார். அந்தச் சிறகு பூண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது. உடைகள் எல்லாம் அவரே வகுத்தவை. உடல் பருத்தவர், வயதும் ஏறிக்கொண்டே போனது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை.

சங்க வேலை எத்தகையது என்பது இங்கே அமர்ந்திருக்கும் செயற்குழுவினருக்குத் தெரியும். சந்தா வசூலிக்க வேண்டும். மண்டபம் பிடிக்க வேண்டும். அழைப்பிதழில் ஒருவர் பெயர் விட்டுப்போனால் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இவற்றையெல்லாம் அந்த அம்மையார் ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் சலிப்பின்றிச் செய்தார். இந்த ஒன்றுக்காகவே நான் அவருக்குத் தலை வணங்குகிறேன். பாட்டு வேறு விஷயம்.

ஆண்டுக்கு ஒருமுறை ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலின் நடன மண்டபத்தில் அவருடைய கச்சேரி நடைபெறும். சங்கத்து உறுப்பினரும் நண்பருமே வரலாம். யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்பது அவர் கையில். பத்திரிகை விமர்சகர்களை உள்ளே விடுவதில்லை; நல்ல வார்த்தை எழுதும் நண்பர்கள் மட்டும் எழுதுவார்கள். ஒரே மாலையில் மூன்று நான்கு முறை உடை மாற்றுவார். பாடல்களோ சாதாரணமானவையல்ல. மொஸார்ட் எழுதிய இசை நாடகமொன்றில் இரவின் அரசி பாடும் பாடல் ஒன்று உண்டு. மேல் ஸ்தாயியில் கண்ணுக்கெட்டாத உச்சியில் ஊசிமுனை போல் ஸ்வரங்களை உதிர்க்க வேண்டும். தேர்ந்த பாடகியரே இரவெல்லாம் உறங்காமல் அஞ்சும் இடம் அது. நம் அம்மையார் அஞ்சவில்லை.

இன்னொரு பாடலைப் பற்றிக் குறிப்பிடாமல் போனால் இந்த மன்றத்தில் பேசியவன் ஆகமாட்டேன். தெலீப் என்னும் பிரெஞ்சுக்காரர் 1883-இல் அரங்கேற்றிய 'லக்மே' என்னும் இசை நாடகம் நம் இந்திய நாட்டில் நடப்பதாக எழுதப்பட்டது. நீலகண்டன் என்னும் அர்ச்சகரின் மகள் லக்மே. வெள்ளைக்கார அதிகாரி ஒருவனை வெளிப்படுத்துவதற்காகத் தந்தை அவளைக் கடைவீதியில் நிறுத்திப் பாடச் சொல்கிறார். அவள் பாடுவது, காட்டில் அகப்பட்டுக்கொண்ட விஷ்ணுவை மணியோசை எழுப்பிக் கொடிய விலங்குகளிடமிருந்து காப்பாற்றிய ஓர் ஏழைப் பெண்ணின் கதை. மணியொலியைக் குரலாலேயே காட்ட வேண்டும். அந்தப் பாட்டையும் ஜென்கின்ஸ் அம்மையார் பாடினார், இசைத்தட்டிலும் பதிந்தார். கேட்டுப் பார்த்தேன். அந்த மணியோசைக்கு விலங்குகள் ஓடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. விஷ்ணுவும் ஓடியிருப்பாரோ என்பதுதான் என் கவலை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ரிட்ஸ்-கார்ல்டன் மண்டபத்திலும் சிரிப்பு வராமலா இருக்கும்? வந்தது. அதை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கேளுங்கள். அவருக்குப் பல ஆண்டுகள் பியானோ வாசித்த காஸ்மே மெக்மூன் என்பவர் பிற்காலத்தில் இதை விவரித்தார். தாங்க முடியாத அபஸ்வரம் வந்து விழும் இடங்களில் எல்லாரும் ஒன்று சேர்ந்து பலமாகக் கைதட்டுவார்களாம், ஆரவாரம் செய்வார்களாம். அந்த ஓசைக்குள் தங்கள் சிரிப்பை ஒளித்துக்கொள்வார்களாம். அம்மையாருக்கோ தம் பாட்டின் மிகச் சிறந்த இடத்தைச் சபையோர் சரியாகக் கண்டுகொண்டார்கள் என்ற மகிழ்ச்சி!

மெக்மூனுக்கு முன்பு எட்வின் மக்கார்த்தர் என்பவர் பியானோ வாசித்தார். ஒருநாள் அவர் வாசித்துக்கொண்டே சபையைப் பார்த்துக் குறும்பாகப் புன்னகை செய்தார். வேலை போயிற்று. மெக்மூன் அப்படிச் செய்யவில்லை. அம்மையார் தாளத்தை விட்டு ஓடினால் இவரும் கூட ஓடினார். அம்மையார் பின்தங்கினால் ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இவர்களையெல்லாம் விட முக்கியமானவர் ஒருவர் உண்டு: செயின்ட் கிளேர் பேபீல்டு. ஆங்கிலேயர், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் சிறு வேடங்கள் ஏற்ற நடிகர். நம் நாட்டில் 1842 முதல் 1844 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த எல்லன்பரோ பிரபுவின் மகள் வயிற்றுப் பேரர் என்று அறிகிறோம். ஆனால் முறைப்படி ஏற்கப்பட்ட வழி அன்று. 1909 முதல் அம்மையாரின் இறுதிக் காலம் வரை துணையாக இருந்தார். கச்சேரி ஏற்பாடு அவரே, வாயிற்காப்போனும் அவரே. சிரிக்க வருகிறவர்களை வெளியே நிறுத்தி, அன்போடு வருகிறவர்களை உள்ளே விட்டு, அந்தப் பெண்மணியைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினார்.

அந்த மதில் நல்லதா, கெட்டதா? இதைப் பற்றித்தான் பல நாள் யோசித்தேன். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லாமல் ஒருவரை முப்பது ஆண்டுகள் ஏமாற்றுவது அன்பாகுமா என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். கற்றுக்கொடுத்துக் கட்டணம் வாங்கிய ஆசிரியர்களைப் பற்றி எனக்கும் அதே கேள்வி உண்டு. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்றால் பெற்றோரிடம் சொல்லுவது வாத்தியார் கடமை. சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு 'மிக நன்று' என்று எழுதுகிறவர் வாத்தியார் அல்லர். அவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆனால் சபையில் அமர்ந்திருந்தவர்களின் நிலை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு பெரியவர் விருத்தம் பாடினார். ஓய்வு பெற்றவர், வாழ்நாள் முழுவதும் இரவு வண்டியில் கண் விழித்து வேலை பார்த்தவர். பேர் சொல்ல விரும்பவில்லை. இரண்டாவது அடியிலேயே சுருதி விலகிவிட்டது. பின்வரிசையில் இருந்த இரண்டு இளைஞர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முன்வரிசையில் அவருடைய மனைவியார் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு புடைவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்குப் பிறகு இந்த மேடையில் அவர் ஏறவில்லை. அந்த விருத்தத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய பாட்டனாராம். இந்தக் காலனியில் அதை அறிந்தவர் வேறெவரும் இல்லை. அவர் ஊரோடு போய்விட்டார்; விருத்தமும் அவரோடு போயிற்று.

அன்று அந்த இரண்டு இளைஞர்களுக்குப் பக்கத்தில் ஒரு வெர்டி சங்கத்துக்காரர் உட்கார்ந்திருந்து பலமாகக் கை தட்டியிருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து, ஹிந்தி பேசும் தெருவில் குடியிருந்து, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுக்கிறோம். இம்மேடையில் பாடுகிற குழந்தை 'ழ'கரத்தை விழுங்கினால் என்ன செய்கிறோம்? கை தட்டுகிறோம். மறுநாள் தனியே கூப்பிட்டு நாக்கை எப்படி மடக்குவது என்று காட்டுகிறோம். சபையில் கைதட்டல், தனியிடத்தில் திருத்தம். அம்மையாருக்கு முன்னது கிடைத்தது, பின்னது கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் செல்வந்தர். 1930-இல் தாயாரும் மறைந்தபின் கையில் பணம் இன்னும் தாராளமாகப் புரண்டது. விருந்தும் வேடிக்கையும் இல்லாத ஓர் ஏழை வீட்டுப் பெண் அதே குரலில் பாடியிருந்தால் கரூஸோவின் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருந்திருக்குமா? நண்பர்கள் அவரைத் தெருவில் கண்டாலும் கடந்து போயிருப்பார்கள். கைதட்டிய கைகளில் எத்தனை அன்புக்காகத் தட்டின, எத்தனை விருந்துக்காகத் தட்டின என்பதைக் கணக்கெடுக்க எந்தக் குமாஸ்தாவாலும் முடியாது. ஆனால் பேபீல்டின் அன்பு பணத்துக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. அதற்காக மட்டும் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் வாயிலில் நிற்பதில்லை.

1941-இல் அம்மையார் மெலடோன் என்னும் ஒலிப்பதிவு நிலையத்துக்குச் சென்று, தம் சொந்தச் செலவில் இசைத்தட்டுகள் பதிந்தார். ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை என்றார்; ஒருமுறை பாடினாலே போதும் என்றார். புகழ்பெற்ற பாடகியரின் தட்டுகளோடு தம்முடையதை ஒப்பிட்டுக் கேட்டுத் தம்முடையதே சிறந்தது என முடிவு கட்டினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனினும் மறுநாள் நிலையத்தாருக்குத் தொலைபேசியில் பேசி, கடைசியில் ஒரே ஒரு ஸ்வரம் சற்றுச் சரியில்லையோ என்று கவலை தெரிவித்தாராம். 'அம்மா, ஏதோ ஒரு ஸ்வரத்தைப் பற்றி மட்டும் தாங்கள் கவலைப்படவே வேண்டாம்' என்ற பொருள்பட அங்கிருந்தவர் விடை சொன்னாராம். இதைவிட நயமாக உண்மையைச் சொல்ல எவராலும் இயலாது!

1943-இல் அவர் ஏறிச் சென்ற வாடகைக் கார் மோதி விபத்துக்குள்ளானது. வேறு யாராக இருந்தாலும் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுப்பார்கள். அந்த அதிர்ச்சியில் தம் குரல் முன் எட்டாத உச்ச ஸ்வரம் ஒன்றை எட்டிவிட்டதாக அம்மையார் கண்டுகொண்டு, காரோட்டிக்கு ஒரு பெட்டி உயர்ந்த சுருட்டு பரிசாக அனுப்பினார் என்று சொல்வார்கள். மொஸார்ட்டின் அந்த இரவரசிப் பாட்டுக்கு வேண்டியதும் அதே ஸ்வரமே.

உச்ச ஸ்வரம் கைக்கு வந்துவிட்டது என்று நம்பிய பிறகு ஹோட்டல் மண்டபம் போதுமா? 1944-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ஆம் நாள் கார்னகி மண்டபத்தில் கச்சேரி என்று அறிவித்தார். 1891-இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்தில் பாடுவதை உலகப் பெரும் கலைஞர்கள் பேறாகக் கருதுவர். நம் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரும் 1977-இல் அங்கே பாடியிருக்கிறார். ஏறக்குறைய 2,800 பேர் அமரும் இடம். இம்முறை அழைப்பு இல்லை, தெரிந்தவர் தெரியாதவர் என்ற பாகுபாடு இல்லை. காசு கொடுத்தவர் எவரும் டிக்கெட் வாங்கலாம். பல வாரங்களுக்கு முன்பே டிக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன. அன்று மாலை இடமின்றித் திரும்பிப் போனவர் 2,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள்.

திருக்குறளில் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரம். அடுத்தே 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரம். வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததன் காரணம் கார்னகி மண்டபக் கதையைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. அஞ்சாமை அம்மையாரிடம் மலைபோல் இருந்தது. எதிரே இருப்பது எத்தகைய அவை என்று அறிவது மட்டும் அன்று இல்லாமற் போயிற்று. பேபீல்டு கட்டிய மதிலுக்கு வெளியே அவர் தாமாகவே நடந்து வந்துவிட்டார்.

முதல் பாட்டிலேயே சிரிப்பு எழுந்தது. இங்கே கைதட்டலுக்குள் சிரிப்பை மறைக்கும் வழக்கம் அறிந்தவர் சிலர்தாம். மற்றவர் சிரிப்பதற்காகவே காசு கொடுத்து வந்தவர். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டவரும், இருக்கையில் இருந்து சரிந்தவரும் உண்டு. ஸ்பானியப் பாட்டு ஒன்றைப் பாடுகையில் கூடையிலிருந்து பூக்களை எடுத்துச் சபையில் வீசுவது அம்மையாருக்கு வழக்கம். மீண்டும் பாடுங்கள் என்று சபையோர் கூவியதும், வீசிய பூக்களைப் பொறுக்கி வரச் செய்து மறுபடியும் பாடி மறுபடியும் வீசினார். எழுபத்தாறு வயது!

மறுநாள் பத்திரிகைகள் வந்தன. இத்தனை ஆண்டுகள் வாயிலுக்கு வெளியே நின்ற விமர்சகர்கள் அன்று டிக்கெட்டுடன் உள்ளே வந்திருந்தார்கள். ஏளனம் செய்தவர்களே பலர். ஒருவர் மட்டும், தம் தொழிலில் இத்தனை மகிழ்ச்சி கொண்ட கலைஞரைக் காண்பது அரிது என்றும், அந்த மகிழ்ச்சி கேட்டவர்களையும் பற்றிக்கொண்டது என்றும் கருத்துப்பட எழுதினார். அந்த ஒருவரின் எழுத்தை அம்மையார் படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மற்றவற்றை அவர் படித்தார். அதுவரை சிரிப்பொலி கேட்டபோதெல்லாம் அதைப் பொறாமைக்காரர் செயலென்றே ஒதுக்கி வந்தவர். இம்முறை ஒதுக்க முடியவில்லை. அவர் உள்ளம் உடைந்து போனதாகவும், அதுநாள் வரை அவருக்குத் தெரியவே தெரியாது என்றும் பேபீல்டு பின்னர் கூறினார். கச்சேரி நடந்து ஐந்தாம் நாள், ஷிர்மர் என்னும் இசைநூல் கடையில் பாட்டுப் புத்தகம் வாங்கச் சென்றவருக்கு நெஞ்சு வலி கண்டது. பாட்டுப் புத்தகம் வாங்கத்தான் போயிருந்தார் என்பதைக் கவனியுங்கள். நவம்பர் 26-ஆம் நாள் உயிர் நீத்தார்.

ஏளனமே அவரைக் கொன்றது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எழுபத்தாறு வயதில் எவருக்கும் நெஞ்சு வலி வரும். ஆனால் அந்த ஒரு மாதம் அவர் படுக்கையில் எதை நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்று எண்ணும்போது, கார்னகி மண்டபத்தில் சிரித்த மூவாயிரம் பேர் மீது எனக்குக் கோபம் வராமலில்லை. அவர்கள் குற்றம் என்ன என்றும் கேட்கலாம். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டு. இரயில் டிக்கெட்டு வாங்கியவன் பெட்டியில் ஏறலாம். பக்கத்து இருக்கைக்காரரின் மூட்டையை எட்டி உதைக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

பிற்காலக் கதை வேடிக்கையானது. அவரை ஏளனம் செய்த விமர்சகர்களின் பெயரை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மையாரின் பாட்டு 1962-இல் பெரிய கம்பெனி ஒன்றால் நெடுந்தட்டாக வெளியிடப்பட்டு விற்பனையாயிற்று. அவர் வாழ்வை வைத்து நாடகங்கள் எழுதப்பட்டன. 2005-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் நடந்த ஒன்றின் பெயர் 'சோவனீர்' — நாம் ஆண்டுதோறும் வெளியிடும் இந்த மலருக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தானே! 2016-இல் மெரில் ஸ்ட்ரீப் என்னும் பெரும் நடிகை அவர் வேடமேற்று நடித்த திரைப்படம் வெளிவந்தது. அவ்வேடத்திற்காக ஆஸ்கார் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. நன்றாகப் பாட வல்ல அந்நடிகை, தவறாகப் பாடுவதற்காகத் தனியே பயிற்சி எடுத்துக்கொண்டாராம். நம் அம்மையாருக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை.

தமக்குப் பாட வராது என்று வேண்டுமானால் எவரும் சொல்லட்டும், தாம் பாடவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது என்னும் பொருளில் அவர் கூறியதாக ஒரு வாக்கு வழங்குகிறது. அப்படியானால் உள்ளூர அவருக்குத் தெரிந்தே இருந்ததா? பேபீல்டு தெரியாது என்றார். இந்த வாக்கோ தெரியும் என்கிறது. நான் பலமுறை அந்த இசைத்தட்டைக் கேட்டேன். இப்பொழுது கைபேசியிலேயே எளிதில் கேட்கக் கிடைக்கிறது. பாட்டில் ஐயமோ தயக்கமோ எங்கும் தென்படவில்லை. தெரிந்து பாடுகிறவர் ஓரிடத்திலாவது குரலைத் தாழ்த்தியிருப்பார்.

இசையறிவு அற்ற நான் அந்தத் தட்டில் கவனித்தது வேறொன்று. ஓரிடத்தில் அம்மையார் மூச்சு வாங்க நின்றுவிடுகிறார். தாளப்படி பியானோ போய்விட்டிருக்க வேண்டும். போகவில்லை. மெக்மூன் விரலைத் தூக்கிப் பிடித்தபடி காத்துக்கொண்டிருக்கிறார் என்பது கேட்கும்போதே புலப்படுகிறது. பிறகு அம்மையார் புறப்படுகிறார், பியானோவும் புறப்படுகிறது. பாடலைக் கேட்க விரும்புவோர், அடுத்த நிகழ்ச்சியாகிய குழந்தைகளின் கோலாட்டம் முடிந்தபின் நூலக அறைக்கு வந்தால் போட்டுக் காட்டுகிறேன். அந்த இடம் வரும்போது கையைக் காட்டுகிறேன்.